ஐயாயிரம் பிரதி

மேலூர் மினிபஸ் மூச்சு வாங்கித் திரும்பும் இடத்தில்
முன்னே ரேஷன் கடையாய் இருந்த கட்டடம்.
மூட்டை இறக்கிய மேடை அப்படியே இருக்கிறது.
அதன்மேல் என் மேசை.
சுற்றுலாத் தகவல் நிலையம் மற்றும் பண்பாட்டு மையம்.
போர்டு எழுதியவர் எழுத்துக்கு எழுத்து காசு கேட்டதால்
'பண்பாட்டு மையம்' எறும்பளவில் நிற்கிறது.

மாதம் ஆறாயிரம், அதுவும் இரண்டு மாதம் தள்ளி.
ஒரு சாவிக்கொத்து.
ஒரு வருகைப் பதிவேடு: பெயர், ஊர், வந்த நோக்கம்.
போன வாரம் ஒருவர் நோக்கத்தில்
நேர்மையாக எழுதினார்: பாத்ரூம்.

பண்பாட்டுக்கென்று பின்னால் ஒரு கூடம்.
சொட்டு மருந்து முகாம்,
வாக்குச்சாவடி,
முத்துராக்குவின் மகளுக்குக் காதுகுத்து.
ஒரு ஐப்பசி இரவு பந்தல் சரிந்துபோக
அய்யம்மாளின் உடம்பு விடியும்வரை அங்கேதான் கிடந்தது.
அந்த மாத அறிக்கையில்
'நிகழ்ச்சிகள்: நான்கு' என்று எழுதினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பானை ஓடு,
மலைக்குத் தெற்கே கிடந்த ஒரு குவாரித் துளைக்கம்பி.
"அது எதுக்கும்மா" என்றார் தலைவர் சேவுகப்பெருமாள்.
எடுத்துவிட்டேன்.
அவர் புல்லட் சத்தம் கண்மாய்க்கரை தாண்டியதும்
திரும்ப வைத்தேன்.

பிறகு அந்தத் துண்டறிக்கை.
'எங்கள் மலைக்கு வாருங்கள்' என்று
குண்டு குண்டாய் எழுதிக் கொடுத்தது நான்.
'எங்கள் மழைக்கு வாருங்கள்' என்று
ஐயாயிரம் பிரதி கட்டுக் கட்டாய் வந்திறங்கியது.
"நம்ம ஊர்ல எவன் வாயில ழானா வருது, விடும்மா" என்றார் தலைவர்.
விட முடியவில்லை.
ஆள் வராத மத்தியானங்களில்
ழகரத்தை அடித்து, மேலே லகரம் போட்டு,
ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.
மூன்று பேனா தீர்ந்தது.
ஒரு கட்டு மட்டும் எனக்குத் தெரியாமல்
மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது.

அந்தக் கட்டிலிருந்து ஒன்றை மடித்துக்கொண்டு
அக்கினி நட்சத்திரத்தில் வந்தார்கள்,
கமுதிப் பக்கம் ஏதோ ஊர்.
அப்பா, அம்மா, ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண்.
வந்ததும் அவள் கேட்டாள்,
"மழை எங்க இருக்கு?"

அச்சுப்பிழை என்று சொல்ல வாய் எடுத்தேன்.
அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.
மூன்று பஸ் மாறி வந்த முகம்.
சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தேன்.

நூற்றுப் பதினெட்டுப் படி.
நானாகவே எண்ணிப் போட்ட கணக்கு.
பாறை அனலில் செருப்பு இளகியது.
குகையில் வழக்கமானதைச் சொன்னேன்:
சமண முனிவர்கள், கல்லில் செதுக்கிய படுக்கை,
ஊர்க்காரர்கள் சொல்வது பஞ்சபாண்டவர் படுக்கை,
ஏழு இருக்கிறது,
ஒன்பதாக இருந்தது என்கிறார்கள்.
தெற்குப் பக்கம் கை காட்டவில்லை.

அவள் எதையும் கேட்கவில்லை.
அண்ணாந்து, குகையின் நெற்றியில்
கோடு போல ஓடும் வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"அது என்ன?"
"காடி. மேலிருந்து வழியும் தண்ணி
உள்ளே இறங்காமல் தள்ளி விழ வெட்டினது."
நூறு தடவை சொன்ன வாக்கியம்.
"அப்ப மழை இதுல வந்து நிக்கும்,
அப்புறம் இந்தப் பக்கமாப் போகும்"
என்று அதன் கீழே கையை நீட்டியபடி
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள்.
கருத்த தடம் பாறையில் இறங்கி முடியும் இடத்தில்
உள்ளங்கையை விரித்து நின்றாள்.
மேகம் ஒரு திட்டு இல்லை.
அவள் அம்மா மட்டும்
முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.
வெயிலுக்குத்தான்.

கலெக்டர் ஆபீசுக்குப் போகும் பிரதிகளை
இப்போதும் திருத்தித்தான் அனுப்புகிறேன்.
மற்றவை அப்படியே போகின்றன.

அன்றைக்குக் கதவைச் சாத்தும்போது பதிவேட்டைப் பார்த்தேன்.
நோக்கம் என்ற கட்டத்தில்
பென்சிலால், ழகரத்தின் சுழி கொஞ்சம் கோணலாக:
மழை.
அடுத்த வரியில் அவள் அப்பாவின் கையெழுத்து:
பாத்ரூம் குழாயில் தண்ணீர் வரவில்லை. கவனிக்கவும்.